விளக்கு எரியும் வீடுகள்

அக்டோபர் 31 மாலை இருட்டத் தொடங்கியதும் அமெரிக்கப் புறநகர்த் தெருக்களில் ஒரு விதி அமலுக்கு வருகிறது. அதை யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனாலும் நாலு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வாசல் விளக்கு எரிந்தால் படியேறி மணியடிக்கலாம். அணைந்திருந்தால் அடுத்த வீட்டுக்குப் போய்விடவேண்டும். உள்ளே டிவி வெளிச்சம் திரைச்சீலையில் ஆடினாலும், கார் வாசலிலேயே நின்றாலும் அந்த வீட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது. ஏன் அணைத்துவைத்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இரவு வேலைக்குப் போகும் செவிலியர் தூங்கிக்கொண்டிருக்கலாம். யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம், அவர்கள் ஹாலோவீன் கொண்டாடுவதில்லை. சமீபத்தில் சாவு விழுந்த வீடாகவும் இருக்கலாம். கொடுக்காமல் இருப்பதற்கு இவ்வளவு கௌரவமான வழியை வைத்திருக்கும் கொண்டாட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. விளக்கைப் போடும் வீடுகளுக்கு அதனாலேயே ஒரு கனம் வந்துவிடுகிறது. அவர்கள் மனமுவந்து கதவைத் திறக்கிறார்கள்.

ஹாலோவீனைப் பற்றி எழுதுகிறவர்கள் வேஷங்களைப் பற்றி எழுதுகிறார்கள், பேய்களைப் பற்றி எழுதுகிறார்கள், பிள்ளைகள் தின்று தீர்க்கும் சர்க்கரையைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் கிண்ணத்தோடு நிற்கிறவரைப் பற்றி அதிகம் பேச்சில்லை. நியூ ஜெர்சியில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் வருஷம் முழுக்க வாசல் கதவுகள் பார்சல் எடுப்பதற்குத்தான் திறக்கின்றன. கராஜுக்குள்ளிருந்து கார் வருகிறது, மாலையில் கராஜுக்குள்ளேயே போய்விடுகிறது. குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமலே மாதங்கள் ஓடிவிடும். அப்படிப்பட்ட தெருவில் ஒரு மாலை மட்டும் முன்பின் தெரியாத பிள்ளைகள் வாசல் வாசலாக ஏறி வந்து பையை நீட்டுகிறார்கள். நீ யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு, அப்பா என்ன வேலை என்று எதுவும் கேட்காமல் பெரியவர்கள் கொடுக்கிறார்கள். இந்தக் கேட்காமல் கொடுப்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். மிட்டாய் அதற்கு ஒரு சாக்கு.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு மூதாட்டி இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர், தாத்தா காலத்தில் அயர்லாந்திலிருந்து வந்த குடும்பம். அவர் மணியடிக்கும்வரை காத்திருப்பதில்லை. டிரைவ்வேயில் மடக்கு நாற்காலி போட்டு, முழங்காலில் கம்பளி போர்த்திக்கொண்டு, இரண்டு கிண்ணங்களோடு உட்கார்ந்துவிடுவார். ஒன்றில் சாக்லேட். இன்னொன்றில் பென்சில், ஸ்டிக்கர், சின்ன ரப்பர் பந்து. வேர்க்கடலை ஆகாத பிள்ளைகளுக்கு. அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நீலப்பச்சை வண்ணம் பூசிய ஒரு பரங்கிக்காய் இருக்கும். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கும் இங்கே ஏதாவது உண்டு என்பதற்கு அது அடையாளம். 2012இல் டென்னசியில் தொடங்கிய வழக்கம், 2014இலிருந்து நாடு முழுக்கப் பரவியது. ஒவ்வாமையுள்ள பிள்ளையின் தாய்க்கு அந்த நிறத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பதே பெரிய நிம்மதி.

அந்த அம்மா ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: இன்றைக்கு நீ யார்? பிள்ளை சொல்லும் பதிலை அப்படியே ஏற்றுக்கொள்வார். ஸ்பைடர்மேன் என்றால் சுவரேறிக் களைத்திருப்பாயே என்பார். டாக்டர் என்றால் தன் முழங்காலைக் காட்டுவார். ஒருமுறை ஒரு பையன் பெரிய அட்டைப்பெட்டிக்குள் நுழைந்து வந்தான். முன்பக்கம் கதவு மாதிரி வெட்டி, டேப் ஒட்டி, பிடி வைத்திருந்தார்கள். நான் ஃப்ரிட்ஜ் என்றான். அவர் எழுந்து நின்று கதவைத் திறந்து பார்த்தார். உள்ளே அவன் சட்டைக்கு மேல் ஒட்டிய காகிதத்தில் பால் டப்பா, முட்டை, பாதி வெட்டிய தர்பூசணி எல்லாம் கிரேயானால் வரைந்திருந்தது. அவர் இரண்டு சாக்லேட்டை எடுத்து முட்டைக்குப் பக்கத்தில் இருந்த சட்டைப் பாக்கெட்டில் வைத்து, குளிர்ச்சி வெளியே போய்விடும் என்று சொல்லிக் கதவை மெதுவாகச் சாத்தினார். அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசாமல், கதவு திறந்துவிடாதபடி கையால் பிடித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்கு நடந்தான்.

எங்கள் வீட்டுக் கொலு முடிந்து சில வாரங்களில் ஹாலோவீன் வந்துவிடும். கொலுவுக்கும் பிள்ளைகள் வீடுவீடாகப் போகிறார்கள், சுண்டல் வாங்கிக்கொள்கிறார்கள், பாட்டுப் பாடச் சொன்னால் வெட்கப்பட்டுக்கொண்டே பாடுகிறார்கள். ஆனால் அங்கே அழைப்பு உண்டு. வாட்ஸப்பில் யார் யாருக்குச் சொல்வது என்று என் மனைவி பட்டியல் போடுகிறாள், வருகிறவர்கள் எல்லாரும் தமிழ்ப்பள்ளியிலோ கோயிலிலோ பார்த்த முகங்கள். வெற்றிலை பாக்கு வைத்துக்கொடுத்து அனுப்பும் அந்த அன்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என்றாலும் அது உறவை வளர்க்கும் ஏற்பாடு. ஹாலோவீனில் வரும் பிள்ளையை மறுபடி பார்ப்போமா என்பதே தெரியாது, பார்த்தாலும் அடையாளம் தெரியாது. உறவு எதையும் எதிர்பார்க்காத கொடை இது. பழகிவிட்டால் கொஞ்சம் விடுதலையாக இருக்கிறது.

2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. காலையில் எண்ணெய்க் குளியல், மாலையில் மிட்டாய்க் கிண்ணம். பக்கத்துத் தெருவில் புதிதாகக் குடிவந்திருந்த ஒரு குஜராத்தித் தம்பதி வாசல் முழுக்க ரங்கோலி போட்டு, படிக்கு இரண்டாக அகல் ஏற்றியிருந்தார்கள். அன்று ஹாலோவீன் என்பது அவர்களுக்கு நினைவே இல்லை. தெருவிலேயே அதிக வெளிச்சமான வீடு அதுதான் என்பதால் பிள்ளைகள் அங்கேதான் முதலில் குவிந்தார்கள். வீட்டில் சாக்லேட் கிடையாது. அந்தப் பெண் முதலில் பார்லே-ஜி பாக்கெட்டுகளைக் கொடுத்தாராம், அவை தீர்ந்ததும் காகிதக் கப்பில் சேவ் போட்டுக் கொடுத்தாராம். ரங்கோலியை மிதிக்காமல் ஒரு டைனோசர் வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடந்துபோனதை அவர் என் மனைவியிடம் சொன்னபோது அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவர்கள் வீட்டு மணியை யாரும் அடித்ததில்லையாம்.

இந்தப் பழக்கத்தின் வேர் இறந்தவர்களிடம் போகிறது. இங்கிலாந்தில் சகல ஆத்துமாக்கள் திருநாளை ஒட்டி ஏழைகள் வீடுவீடாகப் போய், அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதாகச் சொல்லிச் சிறு கேக்குகளை வாங்கிக்கொள்வார்கள். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் வேஷம் கட்டிப்போகும் வழக்கம் இருந்தது. அயர்லாந்துக்காரர்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். இங்கே வந்த பிறகு அந்த இடத்தைப் பரங்கிக்காய் பிடித்துக்கொண்டது. 1920களிலும் 1930களிலும் வட அமெரிக்க ஊர்களில் அன்றிரவு இளவட்டங்களின் அட்டகாசம் பெரிய தலைவலியாக இருந்தது. வேலிக் கதவுகளைக் கழற்றிப்போவது, ஜன்னல்களை உடைப்பது, தீவைப்பதுவரை போயிற்று. அயோவா மாநிலத்தின் டெமாய்ன் நகரம் 1938இல் ஒரு வழி கண்டது. அக்டோபர் 30ஆம் தேதி மாலையைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி, வாசலில் ஒரு பாட்டோ விடுகதையோ சொன்னால் தின்பண்டம் என்று ஏற்பாடு செய்தது. அந்த ஊரில் பிள்ளைகள் வாசலில் நின்று ஜோக் சொல்லிவிட்டுத்தான் மிட்டாய் வாங்குவார்கள். இரண்டாம் உலகப்போரின் சர்க்கரை ரேஷன் 1947இல் முடிந்ததும் இந்தப் பழக்கம் நாடு முழுக்க வேர்பிடித்தது. ஊரடங்கு போட்டு அடக்கவேண்டிய பிள்ளைகளை வாசலுக்கு அழைத்துக் கையில் பண்டம் கொடுத்து அடக்கியவர்கள் சாதாரணக் குடும்பஸ்தர்கள்.

பிறகு பயம் வந்தது. ஆப்பிளுக்குள் பிளேடு, மிட்டாய்க்குள் விஷம் என்ற பேச்சு 1960களிலிருந்து வளர்ந்து, 1970களில் ஒவ்வொரு அக்டோபரிலும் செய்தியானது. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1958 முதலான செய்திகளைத் தோண்டி, 1985இல் ஜெரால்ட் ஹொரியூச்சியோடு சேர்ந்து கட்டுரை எழுதினார். முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு பிள்ளை இறந்ததாகவோ கடுமையாகக் காயப்பட்டதாகவோ நிரூபணமான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. அதன் பிறகும் அவர் வருஷா வருஷம் தேடிக்கொண்டிருந்தார். 1974இல் டெக்சாஸில் சயனைடு கலந்த மிட்டாய்ப் பொடியைத் தின்று எட்டு வயதுப் பையன் ஒருவன் இறந்தது உண்மை. கொடுத்தவர் அவனைப் பெற்ற தகப்பன், காப்பீட்டுப் பணத்துக்காக. 1984இல் அந்த ஆளுக்கு மரண தண்டனை நிறைவேறியது. ஆனால் ஊர் நினைவில் தகப்பன் மறைந்துபோனான், அக்கம்பக்கத்துக்காரர்கள்மேல் சந்தேகம் மட்டும் தங்கிவிட்டது. எதிர் வீட்டு அம்மாவின் தாயார் அந்தக் காலத்தில் வீட்டிலேயே பாப்கார்ன் உருண்டை பிடித்துக் கொடுப்பாராம். ஒரு வருஷம் அந்த உருண்டைகளைச் சில பெற்றோர் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போனதை அவர் பார்த்தார். அடுத்த வருஷத்திலிருந்து கடையில் வாங்கிய சாக்லேட்தான். இன்று அமெரிக்காவில் கையால் செய்த எதையும் ஹாலோவீனுக்குக் கொடுக்கமுடியாது. ஆலையில் உறையிட்டு ஒட்டியது மட்டுமே நம்பத்தக்கது என்றாகிவிட்டது. அந்தப் பாட்டியின் பாகு கொதித்த சமையலறையை விட முகம் தெரியாத ஆலை நம்பிக்கைக்குரியதாகிப் போனதில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு.

கொடுப்பவரைப் பிள்ளைகள் ஏமாற்றுவதும் உண்டு. எட் டீனர் என்ற உளவியலாளரும் சகாக்களும் சியாட்டில் நகரில் 27 வீடுகளில் நடத்திய சோதனை ஒன்று 1976இல் வெளியானது. 1,352 பிள்ளைகள் அதில் தெரியாமலே பங்கெடுத்தார்கள். ஒரு பெண் கதவைத் திறந்து, ஆளுக்கு ஒரு மிட்டாய் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, உள்ளே வேலையிருப்பதாகப் போய்விடுவார். மறைவிலிருந்து ஒருவர் கவனிப்பார். சில பிள்ளைகளிடம் மட்டும் பெயரும் முகவரியும் கேட்டார்கள். தனியாக வந்து பெயரும் சொன்ன பிள்ளைகளில் அதிகமாக எடுத்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் குறைவு. கூட்டமாக வந்து பெயர் சொல்லாதவர்களில் 57 பேர். முகமூடி போட்டால் மனிதன் திருடுவான் என்று இதைப் படித்துவிட்டுச் சொல்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. அந்தச் சோதனையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக நடந்தது ஒன்று உண்டு: கொடுக்கவேண்டியவர் எழுந்து உள்ளே போய்விட்டார். எதிர் வீட்டு அம்மா யாரிடமும் முகவரி கேட்பதில்லை, ஆனால் அவர் கிண்ணத்திலிருந்து எந்தப் பிள்ளையும் அள்ளிக்கொண்டு ஓடி நான் பார்த்ததில்லை. அவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான் வேண்டியிருக்கிறது.

இப்போது பலர் கிண்ணத்தை வாசலில் வைத்து, ‘ஒன்று மட்டும்’ என்று அட்டை எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். வேலைக்குப் போகவேண்டியவர்கள், சொந்தப் பிள்ளையோடு தெருவில் சுற்றுகிறவர்கள் வேறென்ன செய்யமுடியும்? அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டு போன பதினொரு வயதுப் பிள்ளையின் படத்தைக் கதவு மணிக் கேமராவிலிருந்து எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்களே, அதை என்னால் பொறுக்கமுடியவில்லை. ஆறு டாலர் சாக்லேட்டுக்காக ஒரு பிள்ளையின் முகத்தைத் திருட்டு முகமாக ஆக்கிவைப்பது கொடுக்கிறவர் செய்யும் காரியமில்லை. கொடுக்க மனமில்லாவிட்டால் விளக்கை அணைத்துவிடலாம், அதற்குத்தான் இந்தக் கொண்டாட்டம் வழி வைத்திருக்கிறதே.

உயரமாக வளர்ந்துவிட்ட பிள்ளைகளைப் பற்றிய வழக்கும் ஆண்டுதோறும் வருகிறது. இரவு எட்டரைக்கு மேல், வேஷம் எதுவும் போடாமல், தலையணை உறையைப் பிடித்துக்கொண்டு வரும் பதின்பருவத்தார். வயதாகிவிட்டது, வெட்கமில்லையா என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. விர்ஜீனியாவின் செசபீக் நகரத்தில் பன்னிரண்டு வயதைத் தாண்டியவர் வாசல் வாசலாகப் போனால் சிறைத்தண்டனைகூட விதிக்கலாம் என்று சட்டமே இருந்தது. 2019இல்தான் சிறையை நீக்கி வயதையும் உயர்த்தினார்கள். என் வாசலுக்கு வருகிறவனின் குரல் உடைந்திருந்தாலும் நான் கொடுத்துவிடுவேன். அந்த இரவில் அந்த வயதுப் பையன் செய்யக்கூடிய மற்ற காரியங்களை நினைத்தால், இன்னும் ஒரு வருஷம் மிட்டாய் கேட்டுவரத் தோன்றியிருப்பது நல்லது. தவிர, வயதைக் கணிக்கும் கண்ணை நான் நம்புவதில்லை. பிள்ளை கறுப்பாகவும் உயரமாகவும் இருந்தால் பார்க்கிறவர்கள் இரண்டு மூன்று வயதைக் கூட்டியே போடுகிறார்கள். பன்னிரண்டு வயதில் ஐந்தடி எட்டங்குலம் வளர்ந்துவிட்ட என் நண்பரின் மகன் ஒருமுறை வெறுங்கையோடு திரும்பிவந்து வேஷத்தைக் கழற்றினான். பிறகு அவன் போகவே இல்லை.

கதவுக்குப் பின்னால் நிற்கிறவரின் கண் தவறிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு லூசியானாவில் ஒரு சாட்சி உண்டு. 1992 அக்டோபர் 17ஆம் தேதி, பேட்டன் ரூஜ் நகரில், நகோயாவிலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த யோஷிஹிரோ ஹத்தோரி என்ற பதினாறு வயது ஜப்பானிய மாணவன், தான் தங்கியிருந்த வீட்டுப் பையனோடு ஹாலோவீன் விருந்துக்குப் போனான். ஒரு திரைப்படத்தில் நடிகர் ஜான் டிரவோல்டா அணிந்த மாதிரி வெள்ளைக் கோட்டு போட்டிருந்தான். வீட்டு எண் குழம்பித் தவறான வாசலில் மணியடித்தார்கள். ஒரு பெண் பக்கக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு உடனே சாத்தினார். திரும்பி நடக்கத் தொடங்கியபோது அவருடைய கணவர் கைத்துப்பாக்கியோடு வெளியே வந்தார். விருந்துக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே அவரை நோக்கி நடந்த ஹத்தோரியை நெஞ்சில் சுட்டார். பையன் இறந்துபோனான். அடுத்த ஆண்டு ஜூரி அந்த ஆளை விடுதலை செய்தது. ஹத்தோரியின் பெற்றோர் துப்பாக்கிகளுக்குக் கட்டுப்பாடு கேட்டு ஜப்பானில் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்துகள் திரட்டி, 1993 நவம்பரில் அதிபர் கிளின்டனைச் சந்தித்தார்கள். அதோடு நிற்கவில்லை. மகன் பெயரில் ஒரு நிதி ஏற்படுத்தி, அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஜப்பானுக்கு வரவழைத்துப் படிக்கவைத்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், பறித்த நாட்டின் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊர் வீடுகளைத் திறந்துவிட்டார்கள். ஹாலோவீன் அன்று யார் மணியடித்தாலும் எனக்கு அவர்கள் நினைவு வருகிறது.

2012இல் சாண்டி புயல் அக்டோபர் 29ஆம் தேதி இரவு நியூ ஜெர்சிக் கரையைக் கடந்தது. கடலோர ஊர்கள் சிதைந்தன; எங்கள் பக்கம் மரங்கள் மின்கம்பிகளோடு சாய்ந்து கிடந்தன. ஹாலோவீனை நவம்பர் 5ஆம் தேதிக்குத் தள்ளிவைப்பதாக ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அரசாணையே போட்டார். ஒரு மாநில அரசு பிள்ளைகளின் மிட்டாய்க்காக ஆணை பிறப்பித்ததில் அன்று எங்களுக்கு விசித்திரம் எதுவும் தோன்றவில்லை. பிள்ளைகளுக்கு ஏதாவது ஒன்று ஒழுங்காக நடக்கவேண்டும் என்று எல்லாருமே தவித்துக்கொண்டிருந்தோம். நவம்பர் 5 வந்தபோதும் எங்கள் தெருவில் மின்சாரம் வரவில்லை. எரிந்தால் வா, அணைந்தால் போ என்ற விதி செல்லுபடியாகவில்லை. எந்த வீடு சம்மதிக்கிறது என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? எதிர் வீட்டு அம்மா டார்ச்சை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தெருவோரம் வந்து நின்றார். அதைப் பார்த்து நாங்களும் போனோம். கொஞ்ச நேரத்தில் தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள். ஃப்ரீசர் அணைந்து உருகிக்கொண்டிருந்த ஐஸ்கிரீமை ஒருவர் பிள்ளைகளுக்குக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தார். யார் வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது, யாருக்கு இன்சுலினைக் குளிரில் வைக்க இடம் வேண்டும் என்பதெல்லாம் அன்று அந்தத் தெருவோரத்தில்தான் தெரியவந்தது.

சில ஊர்களில் இப்போது வாசல்களை விட்டுவிட்டு, தேவாலயம் அல்லது பள்ளியின் பார்க்கிங்கில் கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து அங்கேயே மிட்டாய் கொடுக்கிறார்கள். வீடுகள் மைல் கணக்கில் தள்ளித்தள்ளி இருக்கும் கிராமப்புறத்துக்கு அது வசதி. எங்கள் தெருவிலும் அப்படிச் செய்யலாம் என்று ஒரு யோசனை வந்தது, காரணம் வேறு: நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேன்களில் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள், நம் பிள்ளைகளுக்கு இல்லாமல் தீர்ந்துவிடுகிறது என்றார்கள். அந்தப் பக்கம் இருப்பவை அடுக்ககங்கள். நடைபாதை கிடையாது, லாரிகள் ஓடும் சாலை, கீழே பூட்டிய கேட். அந்தப் பிள்ளைகள் வேறு எங்கே போவார்கள்? வேனிலிருந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேர் நம் பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளோடு படிக்கிறவர்கள் என்று எதிர் வீட்டு அம்மா சொன்னார். அவர்களில் பலருடைய முழங்கால் சிராய்ப்புக்கு அவர் மருந்து போட்டிருக்கிறார். யோசனை அதோடு கைவிடப்பட்டது.

அந்தச் சாலையில் புதிதாக ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முடிந்து, கோடையிலிருந்து ஆட்கள் குடிவந்துகொண்டிருக்கிறார்கள். இந்த அக்டோபருக்கு வழக்கத்தைவிட நாலு பை கூடுதலாக வாங்கவேண்டும் என்று என் மனைவி இப்போதே குறித்துவைத்துவிட்டாள், அதில் இரண்டு கடலை சேராதது.